வேல்ஸ் மலையடியில் உங்கள் மகளுக்காகக் காத்திருந்த மதியம்

என் அன்புக்குரிய சம்பந்தி மயில்சாமி அவர்களே,

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. அங்கே உங்களுக்கு மூட்டுவலி இல்லை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் போய் ஓர் ஆண்டு கடந்துவிட்டது. டெக்ஸாஸில் நம் ஃபிரிஸ்கோ வீட்டில் உங்கள் அறைக்கதவை தினமும் காலையில் நான்தான் திறந்து வைக்கிறேன். மூடிக் கிடந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் பெயர்தான் முதலில் வந்தது. பலர் படிப்பார்கள், படிக்கட்டும். உங்களிடம் சொல்லாதவரை எந்த விஷயமும் எனக்கு நடந்து முடிந்ததாகவே தோன்றுவதில்லை.

நாங்கள் வேல்ஸுக்குப் போய்வந்தோம், சம்பந்தி.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. கோபிச்செட்டிபாளையத்து மாட்டு டாக்டர் ஆசைப்பட்ட ஊருக்கு, விருதுநகரில் வேதியியல் நடத்திய ஒரு பயந்தாங்கொள்ளி போய்வந்திருக்கிறான். டேப்லெட்டில் ஆட்டுநாய்கள் மந்தையை மடக்கிக் கொண்டுவரும் வீடியோக்களை ஓடவிட்டு, "பாருங்க, ஒரு சீட்டிக்கு எப்படித் திரும்புதுன்னு. அந்த ஊருக்கு ஒருக்கா போயே தீரோணுமுங்க" என்பீர்கள். நான் உடனே அங்கே மழை அதிகமாமே, சாலைகள் குறுகலாமே என்பேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழ்வோம் என்று யார் நினைத்தது? முதலில் பல வருடங்கள் நமக்கு 'ஷிப்ட்' அல்லவா! ஆறு மாதம் பெண் வீட்டார், ஆறு மாதம் பையன் வீட்டார். நீங்களும் உங்கள் துணைவியாரும் வந்து இறங்கும் வாரத்தில் நானும் என் மனைவியும் கிளம்புவோம். பேத்தி யாழினிக்கு எந்தத் தாத்தா எந்த மாதம் என்றே குழப்பம். பிறகு உங்கள் துணைவியாரும் போய், என் மனைவியும் போய், பிள்ளைகள் நம் இருவரையும் கிரீன் கார்டோடு இங்கேயே நிறுத்திவிட்டார்கள். "பொண்ணு வீட்டுல எப்படிங்க காலம் பூரா கை நனைச்சுட்டு இருக்கறது?" என்று என்னிடம் மட்டும் கேட்டீர்கள். "எனக்கும் இது மகன் வீடுதான், என் வீடில்லை" என்றேன். அன்றைக்குத்தான் நாம் சிநேகிதர்கள் ஆனோம்.

தினமும் காலையில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது அன்றைய பயங்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். என் மகன் செந்திலின் வேலை, உங்கள் மகள் கவிதாவின் தலைவலி, கூரையில் கேட்ட சத்தம், என் நெஞ்சில் ஒரு சுருக். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பீர்கள்: "அசை போடுதுங்களா?"

முதல் முறை எனக்குப் புரியவில்லை. "மாடு வாலை ஆட்டுது, காலை ஒதறுதுன்னு சொல்லி நடுச்சாமத்துல எழுப்புவாங்க. அசை போடுதான்னு கேப்பேன். போடுதுன்னா, காலையில வர்றேன்னு திரும்பிப் படுத்துக்குவேன். அசை நின்னு போச்சுன்னா மட்டும் பையைத் தூக்கிருவேன். உங்க பயத்துலயும் முக்காவாசி அசை போடற மாடுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து என் பயங்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை உங்களுடையதாகிவிட்டது. எனக்குப் பிரிக்கத் தெரியாது. அமிலம் எது காரம் எது என்று பிரிப்பேன். என் மனதுக்குள் எழுவதில் எது மெய், எது பொய் என்று மட்டும் இத்தனை வயதாகியும் தெரிவதில்லை.

சைரன் சம்பவத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாதாமாதம் சூறாவளிச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று தெரியாமல், வாசலுக்கு வந்த தபால்காரரைக் கையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் இல்லாத இடம்தான் பத்திரம் என்று குளியலறைக்குள் உட்கார வைத்தேன். நீங்கள் அவருக்கு அங்கேயே காபி கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அதுவாவது சிரிப்போடு போயிற்று. யாழினி பள்ளிப் பேருந்தில் வரவில்லை என்று நான் அவசர எண் 911ஐ அழைத்த நாள் அப்படிப் போகவில்லை. அவள் பக்கத்துத் தெருவில் தோழி வீட்டில் இருந்தாள். வாசலில் போலீஸ் கார்கள்.

"அப்பா, இனிமே என்னையோ கவிதாவையோ கேக்காம எமர்ஜென்சிக்கு கால் பண்ண மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க. நெய்பர்ஸ் எல்லாம் வெளிய வந்து பாக்குறாங்கப்பா!"

பண்ணினேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வாக்குறுதியோடுதான் நான் வேல்ஸுக்குப் போனேன்.

போவது என்று முடிவு செய்தவள் உங்கள் மகள். உங்கள் திதியை இங்கே முடித்துவிட்டு, "அப்பா பாக்கணும்னு சொன்ன ஊரு மாமா. நாம பாத்துட்டு வருவோம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழக்கம்போல உங்களிடம் கேட்கத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

டாலஸிலிருந்து விமானம், அப்புறம் இன்னொரு விமானம், அப்புறம் வாடகைக் கார். செந்தில் கார் ஓட்டக் கற்றதே டெக்ஸாஸில்தான். ஆற்றைப் போல அகலமான சாலைகளில் வலப்பக்கம் போய்ப் பழகியவன். அங்கேயோ இடப்பக்கம் ஓட்ட வேண்டும். இரண்டு பக்கமும் கல்சுவர். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். நான் வழி நெடுக "லெஃப்ட், லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அப்பா, நீங்க பேசாம வந்தாலே நான் லெஃப்ட்ல போயிடுவேன்."

"மாமா சொல்றது கரெக்ட்தான் செந்தில். நீ சுவத்துக்கு முத்தம் கொடுத்துட்டே போற" என்றாள் கவிதா.

யாழினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "ஐ வான்ட் டு லிவ், கைஸ்" என்றாள்.

அந்தச் சாலைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. தரையிலேயே பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் அவர்கள் மொழியிலும், 'மெதுவாக' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'அராவ்' என்று பெயராம். என் குணத்துக்கு ஒத்த ஒரு சொல்லைத் தரையிலேயே எழுதிவைத்த தேசம் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆடுகள், சம்பந்தி! எங்கே பார்த்தாலும் ஆடுகள். செங்குத்தான சரிவில் ஏதோ ஒட்டவைத்தாற்போல நிற்கின்றன. முதுகில் சிவப்பிலும் நீலத்திலும் சாயம். எந்தப் பண்ணை ஆடு என்று அடையாளமாம், கவிதா சொன்னாள். ஒன்று சாலை நடுவே நின்று எங்கள் காரைப் பார்த்தது. செந்தில் ஹாரன் அடித்தான். நகரவில்லை. நீங்கள் இருந்தால் இறங்கிப் போய் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பீர்கள்.

முதல் இரண்டு நாள் லான்டட்னோ என்ற கடற்கரை ஊரில் தங்கினோம். பிறை போல வளைந்த கரை. ஓரம் முழுக்க ஒரே உயரத்தில் வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக ஓட்டல்கள். கடலுக்குள் நீண்டு போகும் மரப்பாலம் ஒன்று உண்டு. எல்லோரும் ஐஸ்கிரீமோடு அதில் நடந்தார்கள். பலகைகளுக்கு இடையே உள்ள சந்தில் கீழே கடல் அசைவது தெரிந்தது. பாதியில் நின்றுவிட்டேன். ஒரு கடற்பறவை வந்து செந்தில் கையிலிருந்த மீன்வறுவலைப் பொட்டலத்தோடு தூக்கிப் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கம்பியை விடாமல்.

மூன்றாம் நாள் மலைக்குப் போனோம். அதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேன், மன்னியுங்கள்.

ஸ்னோடோனியா என்று சொல்லும் மலைப் பகுதி. சாலையோரம் ஓர் ஏரி. அங்கிருந்து கற்கள் பாவிய பாதை மேலே இன்னோர் ஏரிக்குப் போகிறது. "அப்பா டேப்லெட்ல வச்சிருந்த படம் அந்த மேல் ஏரிதான் மாமா. போய் அது பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்கணும்" என்றாள் கவிதா. வெயில் பளிச்சென்று இருந்தது. செந்திலுக்கு ஆபீஸிலிருந்து ஏதோ அவசரக் கூட்டம். அங்கே சிக்னல் கிடைக்கவில்லை என்று ஊருக்குள் காரை எடுத்துக்கொண்டு போனான். முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னான். என் முழங்கால் மேலே ஏறாது. நான் கீழேயே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பதாக ஏற்பாடு.

"மாமா, தயிர்சாதம் இந்தப் பையில இருக்கு. நாங்க வந்து சேந்து சாப்பிடலாம். பயப்படாதீங்க, என்ன?"

"பயம் ஒண்ணும் இல்லம்மா. பாத்துப் போயிட்டு வாங்க."

"தாத்தா இஸ் ஆல்ரெடி ஸ்கேர்ட்" என்று யாழினி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வெளியே கிளம்பும் யாரையும் நான் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வேன். காணாமல் போனால் அடையாளம் சொல்ல வேண்டுமே என்று. "என்னையும் அப்படித்தான் பாக்கறீங்க, நான் என்ன சந்தையில களவு போற மாடுங்களா?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அன்றும் பார்த்து வைத்தேன். கவிதா மஞ்சள் குர்தா, கறுப்பு ஜீன்ஸ், தலையில் சிவப்புத் துணி. யாழினி நீல நிற ஹூடி, வெள்ளைக் காலணி, இடது காலணியில் மட்டும் பச்சைக் கயிறு.

அவர்கள் பாதை தொடங்குமிடத்து மரக்கதவைத் தாண்டி மேலே ஏறினார்கள். அப்போதுதான் பார்த்தேன். பெஞ்சின் மறுபக்கம் யாழினியின் முதுகுப்பை. மழைச் சட்டைகள் அதற்குள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்; காலையில் கவிதா மடித்து வைத்ததைப் பார்த்தேன்.

அவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார்கள்.

நான் கூப்பிடவில்லை, சம்பந்தி. ஏன் தெரியுமா? புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பார்களே, அதற்காக. எத்தனையோ வருடம் ஆய்வகத்தில் நின்று, நிரூபிக்க முடியாததை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன், நாக்கு உள்ளே மடங்கிக்கொண்டது. அவள் அப்பாவை நினைத்துப் போகிற காரியம். நான் பின்னாலிருந்து கூப்பிட்டு அதில் ஒரு குறை வைக்கலாமா? வெயில்தானே அடிக்கிறது? மழைச் சட்டைதானே? அப்படிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் திருப்பத்தில் மறைந்தார்கள்.

அங்கே வானிலை மாறுவதை நான் எப்படிச் சொல்ல? நம் ஊரில் மேகம் கறுக்கும், காற்று கிளம்பும், மண்வாசனை வரும், பிறகுதான் மழை. அங்கே எதுவும் சொல்லிக்கொள்ளாமல் மலையின் தலை காணாமல் போயிற்று. பிறகு தோள். பாதையில் திரும்புமிடத்துப் பாறை கண்ணெதிரே கரைந்தது. பாலில் தண்ணீர் கலந்தாற்போன்ற ஒரு வெண்மை இறங்கி, ஏரியின் மறுகரையையும் எடுத்துக்கொண்டது. சத்தங்களும் அடங்கிவிட்டன. ஓர் ஆடு எங்கோ செருமியது, மனிதர் செருமுவதைப் போல.

பகல் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. மேலே போன மற்றவர்கள் ஒவ்வொருவராக மழைச் சட்டையில் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மஞ்சள் உடுப்பில் ஒரு பெண்ணை மேல் ஏரியருகே பார்த்ததாக ஒருவர் சொன்னார், வெகுநேரம் முன்பு. அப்புறம் யாரும் வரவில்லை.

செந்திலுக்கு அடித்தேன், போகவில்லை. கவிதாவுக்கு அடித்தேன், போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் தேநீர் விற்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. அங்கே இருந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் கனிவாகவே பேசினாள். இந்த மூடுபனி இங்கே வழக்கம்தான், பாதையை விட்டு விலகாமல் வந்தால் ஒன்றும் ஆகாது, பாதிப் பேர் இப்படித்தான் தாமதமாக வருவார்கள், நீ ஒரு தேநீர் குடி என்றாள். என்னை 'லவ்' என்று கூப்பிட்டாள்; அங்கே எல்லோரையும் அப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவார்களாம். என் மகன் வயதுதான் அவளுக்கு இருக்கும்.

உள்ளூர்க்காரியே பயப்படாதே என்கிறாள். மகனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தபால்காரர், போலீஸ் கார்கள், என்னால் எத்தனை பேருக்கு எத்தனை அவமானம்! வெளிநாட்டில் வந்து, மலையில் நிதானமாக இறங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்காக ஒரு பட்டாளத்தையே அழைத்துவிட்டால்? தேநீர் ஆறிப்போயிற்று. குடிக்காத கோப்பையை அந்த அம்மாள் பார்த்துவிடக் கூடாது என்று கீழே வைத்தேன்.

உங்களைத்தான் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். இது எந்த மாடு சம்பந்தி? சொல்லுங்கள், இது எந்த மாடு?

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இறந்தவர்கள் வந்து காதில் சொல்வதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அங்கே பனி மட்டும்தான் இருந்தது.

சும்மா உட்கார முடியாமல் யாழினியின் பையைத் திறந்தேன். மழைச் சட்டைகளை எடுத்து, மடிப்பைச் சரி செய்யலாம் என்று. பயம் வந்தால் ஏதாவது ஒழுங்கு செய்வது என் பழக்கம். சட்டைகளுக்கு அடியில், பக்கவாட்டுப் பையில், அந்த நீலக் குழல் இருந்தது. அவளுடைய இன்ஹேலர்.

குளிர்காற்று பட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஜனவரியில் இரவெல்லாம் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நீங்கள்தானே.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கடையில் இருந்த தரைவழிப் போனை அந்த அம்மாளிடம் கேட்டு வாங்கி, அந்த நாட்டு அவசர எண்ணை அவளையே அழுத்திக் கொடுக்கச் சொன்னேன். இன்ஹேலரைப் பார்த்ததும் அவள் முகமும் மாறிவிட்டது.

மறுமுனையில் ஒரு பெண் குரல். பதற்றமே இல்லாமல் கேள்வி கேட்டாள். எத்தனை பேர்? என்ன உடுப்பு? எந்தக் காலணி? எந்தப் பாதை? நோய் ஏதும் உண்டா? சம்பந்தி, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பச்சைக் கயிறு முதற்கொண்டு சொன்னேன். குரல் மட்டும் என்னுடையதாக இல்லை; வாய்மொழித் தேர்வில் திக்கும் மாணவனின் குரல். கடைசியில், "நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?" என்று அவளிடமே கேட்டேன். இல்லை ஐயா, நீங்கள் அழைத்தது சரி என்றாள்.

மலை மீட்புக் குழுவினர் வந்தார்கள். சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்களாம். சிவப்புச் சட்டை, கயிறு, விளக்கு, ஒரு நாய். பையை அவர்களில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் இன்ஹேலரை எடுத்துத் தன் நெஞ்சுப் பையில் வைத்து மூடிக்காட்டினார். பனிக்குள் போனார்கள். சிவப்பு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் செந்தில் வந்தான். வண்டிகளைப் பார்த்ததும் கார்க் கதவைச் சாத்தாமலே ஓடிவந்தான்.

"என்னப்பா இது? எமர்ஜென்சிக்கு கால் பண்ணீங்களா? திரும்பவுமா?"

"அவங்க இன்னும் வரலடா."

"மிஸ்ட் இருக்கு, கொஞ்சம் லேட் ஆகும். அதுக்குப் போயி... என்கிட்ட ப்ராமிஸ் பண்ணீங்கள்ல?"

"இன்ஹேலர் பையில இருந்துச்சு. பை இங்க இருந்துச்சு."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் செய்வானே, அப்படி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். நான் பயப்படும்போது அருகில் இருப்பவர்கள் தைரியமாக இருப்பார்கள். அதுதான் என் வாழ்க்கையில் வழக்கம். அன்று பக்கத்தில் இருந்தவனும் பயந்தான். அதைப் போன்ற ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். கடைசியில் ரேடியோ கரகரத்தது. எங்களோடு கீழே நின்ற குழுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். செந்தில் அழுதான். நான் அப்போதும் நம்பவில்லை. கண்ணால் பார்க்கும்வரை நம்புவதாக இல்லை.

இறங்கும்போது பாதை பிரியுமிடத்தில் தவறான பக்கம் திரும்பியிருக்கிறார்கள். தரை சேறாகியிருக்கிறது. யாழினிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் ஆடுகளை அடைக்கும் பழைய கல்பட்டி ஒன்றின் ஓரமாக உங்கள் மகள் அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாய்தான் கண்டுபிடித்தது என்று உங்களுக்கு எழுத எனக்கு ஆசை. உண்மையில் ஆட்களின் குரல் கேட்டு கவிதா கத்தியிருக்கிறாள். நாய் அதற்குப் பிறகு போய் யாழினி மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதாம். கறுப்பும் வெள்ளையும், நீங்கள் வீடியோவில் காட்டுவீர்களே, அதே ஜாதி.

யாழினி போர்வைக்குள் சுருண்டு, குழலை வாயில் வைத்தபடி வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "சாரி தாத்தா" என்றாள், இழுத்து இழுத்து. நான் அவள் காலணியைத்தான் பார்த்தேன். பச்சைக் கயிறு இருந்தது.

மருத்துவமனையில் அவளுக்கு மூச்சு சீரான பிறகு, கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையில் சேறு, அப்படியே.

"மாமா, எனக்கு அங்க பயமே வரல தெரியுமா? பாப்பாகிட்ட சொல்லிட்டே இருந்தேன். கீழ உங்க தாத்தா இருக்காரு, அவரால சும்மா இருக்க முடியாது, இந்நேரம் இந்த ஊரையே எழுப்பியிருப்பாருன்னு. அதனாலதான் நகரவே இல்ல. நகர்ந்திருந்தா அந்தப் பக்கம் பள்ளமாம், அவங்க சொன்னாங்க."

நான் தலையாட்டினேன். அவள் என் பயத்தை நம்பி அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், நான் கீழே தேநீர்க் கோப்பையோடு அதை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கவாட்டுப் பையை நான் திறக்காமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்குப் பிறகு என் மனதில் ஒன்றும் ஓடுவதில்லை. நின்றுவிடுகிறது.

இப்போது ஃபிரிஸ்கோ செய்தி சொல்கிறேன். வீட்டில் என் மரியாதை கூடிவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நான் பயந்தால் சிரிப்பார்கள். சிரிப்பது ஒரு பாதுகாப்பு என்று இப்போது தெரிகிறது. அப்போதெல்லாம் என் பயத்தால் யாருக்கும் எதுவும் நின்றுபோனதில்லை. இப்போது மேகம் கொஞ்சம் கூடினால் செந்தில் என் முகத்தைப் பார்க்கிறான். "அப்பா, டென்வர் ட்ரிப் போலாமா? என்ன நினைக்கறீங்க?" என்கிறான். என்னைக் கேட்டால் சமையலறைக்குக்கூடப் போக வேண்டாம் என்பேனே, சம்பந்தி!

உங்கள் மகள்தான் அதிகம் மாறிவிட்டாள். மலையில் வராத பயம் அவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. யாழினியை நீச்சலுக்கு அனுப்புவதில்லை. தோழி வீட்டில் இரவு தங்க விடுவதில்லை. கேட்டால், "மாமாவே பயப்படறாரு" என்கிறாள். என் பெயரில் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. யாழினிக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. இந்த ஊரில் கார் ஓட்டக் கற்கும் வயது. ஓட்டத் தெரியாவிட்டால் இங்கே கால் இல்லாததற்குச் சமம். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் தொடங்கிவிட்டார்கள். இவளுக்கு அம்மா முடியாது என்றுவிட்டாள்.

போன வாரம் யாழினி என் அறைக்கு வந்தாள். கோபமாக இருந்தாலும் என் கட்டிலில்தான் வந்து விழுகிறாள்.

"தாத்தா, யூ டெல் அம்மா. ஷீ ஒன்லி லிஸன்ஸ் டு யூ நவ்."

"எனக்குப் பயமா இருக்கே கண்ணு."

"ஐ நோ. எவ்ரிபடி நோஸ். பட் இட்ஸ் மை லைஃப், தாத்தா."

அவள் போன பிறகு நான் உங்கள் அறையில் போய் உட்கார்ந்தேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது என்று மலையடியில் தெரிந்துகொண்டேன். நானே பிரித்துப் பார்த்தேன். ஒரு பயம் அவளைத் தேடிக்கொண்டு மேலே போனது. இன்னொரு பயம் அவளைக் கட்டிலில் கட்டிப்போடப் பார்க்கிறது. இரண்டும் என் வயிற்றில் ஒரே இடத்தில்தான் வலிக்கின்றன. வலியை வைத்துப் பிரிக்க முடியாது. அது அவளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது. சரியாகத்தான் சொல்கிறேனா? எனக்கு நிச்சயமில்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.

"கவிதா, பாப்பா கார் ஓட்டக் கத்துக்கட்டும்மா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களா சொல்றீங்க மாமா? உங்களுக்குப் பயமில்லையா?"

"இருக்கு. இப்பக்கூட வேட்டிக்குள்ள கால் ஆடுது. அதுக்காக அவளை நிறுத்தி வைக்காத. என் பயத்தை நான் பாத்துக்கறேன்."

செந்தில் என்னைப் பார்த்தான். உங்கள் மகள் யாழினியின் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். பிறகு, "காலி பார்க்கிங்லதான். மெயின் ரோட்டுக்கு இப்ப வேண்டாம்" என்றாள். அந்தக் குரல் அப்படியே உங்கள் குரல், சம்பந்தி.

சனிக்கிழமை காலை அனுமார் கோயில் பார்க்கிங்கில் முதல் பாடம். கூட்டம் வருவதற்கு முன்பு போய்விட வேண்டும் என்று பேச்சு. செந்தில் அவள் பக்கத்தில் இருப்பான். பின்சீட்டில் நான் இருப்பேன் என்று நானாகவே சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வண்டியைக் கிளப்பும்போது வாயைத் திறக்க மாட்டேன். பிரேக்கை அழுத்துவதாக நினைத்துத் தரையை மிதிப்பேன். அதைத் தடுக்க என்னால் ஆகாது, மன்னித்துவிடுங்கள். ஆனால் கண்ணை மட்டும் மூடிக்கொள்ள மாட்டேன். நம் பேத்தி முதன்முதலாகத் தானே ஒரு வண்டியைத் திருப்புவதை நம் இருவரில் ஒருவராவது பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்,
யாழினியின் இன்னொரு தாத்தா